மானெக்‌ஷா கையெழுத்து அசல்தானா?

கேள்வி: வணக்கம். நம் ராணுவத்தின் மிக உயர்ந்த பதவியான பீல்டு மார்ஷல் பதவி வகித்த சாம் மானெக்‌ஷா தபால் தலை ஒட்டிய உறை ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, அதில் அவர் கையெழுத்தும் இருக்கிறதாம். 1942 பர்மாப் போரில் குண்டடி பட்டு மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கம் பெற்றவர், கடைசிக் காலத்தில் நம் குன்னூரில் வாழ்ந்தவர், அதனால் ரொம்ப ஆசை. வாங்கலாமா?

பதில்: வேண்டாங்க. அந்தத் தபால் தலை வெளிவந்தது 2008 டிசம்பரில். அவர் குன்னூர் பக்கத்து வெல்லிங்டனில் காலமானது அதே ஆண்டு ஜூன் 27. அப்புறம் எப்படிக் கையெழுத்துப் போட்டிருப்பார்?

பதில்: ஆமாம். பழைய கடிதமாகத் தேடுங்கள், பதவியையும் கவனியுங்கள். 1972 தேதியிட்ட தாளில் பீல்டு மார்ஷல் என்றிருந்தால் போலி, அந்தப் பதவி 1973 ஜனவரியில்தான் கிடைத்தது. லென்ஸ் வைத்துப் பாருங்கள், அச்சடித்த கையெழுத்து பெரும்பாலும் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

கேட்டவர்: நல்லவேளை, இன்னும் பணம் அனுப்பவில்லை. ரொம்ப நன்றி.