மாதிரி ரயில் எஞ்சினில் மோட்டார் கோளாறு: உங்கள் அனுபவம் என்ன?

பதிவு 1

1:87 அளவிலான டீசல் எஞ்சின் அது. வேகமாக ஓட்டினால் குறை தெரியாது. மெதுவாக ஓட்டும்போது மட்டும் 'டக்' என்ற ஓசையோடு ஒரு குலுங்கல் வரும். பார்த்தவர்கள் எல்லோரும் மோட்டாரையே குறை சொன்னார்கள். ஆனால் மோட்டாரைத் தனியே கழற்றி 9 வோல்ட் பேட்டரியில் இணைத்தபோது, அது சிறு தயக்கமும் இன்றிச் சீராகச் சுழன்றது. மீண்டும் பொருத்தி மிக மெதுவாக ஓட்டிக் கவனித்தேன். சக்கரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவதற்குள் அந்த ஓசை ஒரே ஒருமுறைதான் வந்தது. சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் மோட்டார் பல முறை சுழன்றுவிடும் என்பதால், கோளாறு மோட்டாரில் இருந்திருந்தால் ஓசையும் பல முறை வந்திருக்க வேண்டும். அச்சைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் இரண்டு பற்களுக்கு நடுவே முடியளவு விரிசல் இருந்தது. அந்த இடைவெளி விரிந்துவிட்டதால், அங்கே மட்டும் பல் சரியாகப் பொருந்தாமல் இடறியிருக்கிறது. நல்ல மோட்டார் ஒன்று குப்பைக்குப் போக இருந்ததை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

பதிவு 2

எல்லாப் பழியையும் பல்சக்கரத்தின் மேல் போட்டுவிட முடியாது. என்னிடம் உள்ள பழைய நீராவி எஞ்சின் சில நேரம் நின்ற இடத்திலிருந்து கிளம்பவே கிளம்பாது. மோட்டாருக்குள் சுழலும், கம்பிச் சுருள்கள் சுற்றிய பகுதியான ஆர்மேச்சரை விரல் நுனியால் சற்றே திருப்பிவிட்டால் ஓடத் தொடங்கிவிடும். அந்தச் சுருள்களுக்கு மின்சாரத்தை மாற்றி மாற்றிக் கொடுக்கும் கம்யூட்டேட்டரின் மூன்று செப்புத் துண்டுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் கார்பன் தூளும் எண்ணெயும் சேர்ந்து இறுகி, ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பல்குச்சியால் மெல்லச் சுரண்டியபோது, அந்த அழுக்கு கறுப்பு இழையாகச் சுருண்டு வந்தது. அதன்பின் இரண்டிரண்டு துண்டுகளாக மல்டிமீட்டரில் அளந்தேன். மூன்று அளவுகளும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. ஒன்று மட்டும் மிகுதியாகக் காட்டியிருந்தால் ஒரு சுருள் அறுந்திருக்கிறது என்று பொருள். பேட்டரியில் ஒருமுறை சுழன்றதை மட்டும் வைத்து மோட்டாருக்கு நற்சான்று கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பதிவு 3

பழைய எஞ்சினில் டிகோடர் (டிஜிட்டல் கட்டளையை ஏற்று மோட்டாரை இயக்கும் சிறு மின்னணுப் பலகை) பொருத்தி, மின்சாரம் கொடுத்த மறுகணமே அதிலிருந்து புகை எழுந்ததைக் கண்ணெதிரே பார்த்தேன். மோட்டாரின் ஒரு பிரஷ், அதாவது கம்யூட்டேட்டரை உரசி மின்சாரம் கொடுக்கும் துண்டு, தண்டவாள மின்சாரம் பாயும் உலோகச் சட்டத்தோடு இணைந்திருந்ததுதான் காரணம்.

பல்குச்சி வைத்தியம் சரிதான். ஆனால் அதைப் படித்துவிட்டு யாரும் ஆர்மேச்சரை வெளியே உருவிவிட வேண்டாம். பழைய திறந்த மோட்டார்களில் உள்ள அல்னிகோ என்னும் உலோகக் கலவைக் காந்தம், ஆர்மேச்சர் இல்லாமல் வெறுமனே இருந்தால் வலு இழக்கும். அப்படி வலு குறைந்த மோட்டார் அதிக மின்சாரம் இழுத்துச் சூடாகுமே தவிர, பெட்டிகளை முன்போல் இழுக்காது. கழற்றியே தீர வேண்டுமென்றால், காந்தத்தின் இரு முனைகளையும் ஓர் இரும்புத் துண்டால் இணைத்து வையுங்கள். எண்ணெயைத் தண்டின் இரு முனைகளிலும் உள்ள தாங்கிகளுக்கு ஒரு துளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கம்யூட்டேட்டர் பக்கம் அது போகவே கூடாது. டிகோடர் பொருத்துவதற்கு முன், இரண்டு பிரஷ்களுக்கும் சட்டத்துக்கும் இடையே தொடர்பு இல்லை என்பதை மல்டிமீட்டர் வைத்து உறுதி செய்துகொண்ட பிறகே டிகோடரின் ஆரஞ்சு, சாம்பல் நிறக் கம்பிகளை மோட்டாரில் இணையுங்கள்.