புனாகா: கோட்டையும் மடமும் ஒரே வாசலுக்குள்

பூட்டானில் போ சூ, மோ சூ என்னும் இரண்டு ஆறுகள் கூடும் முனையில் நிற்கிறது, கோட்டையும் மடமும் ஒன்றாக அமைந்த புனாகா ஜோங். திம்புவின் கடுங்குளிரை விட்டுத் தலைமைத் துறவி ஜே கென்போவும் மடத்துத் துறவியரும் ஆண்டுதோறும் இறங்கிவந்து தங்கும் பருவத்தில்தான் நான் அங்கே சென்றிருந்தேன். மரப்பாலத்தைக் கடந்து சுவரருகே வந்ததும், இது முதலில் கோட்டை, பிறகுதான் மடம் என்று பட்டது. வெள்ளையடித்த பெருஞ்சுவர்கள் மேலே போகப்போக உட்புறமாகச் சாய்கின்றன. சித்திர வேலைப்பாடு மிக்க மரச் சன்னல்கள் ஆள் ஏறமுடியாத உயரத்தில்தான் தொடங்குகின்றன. செங்குத்தான மரப்படிகள் முற்றுகைக் காலத்தில் மேலே இழுத்துக்கொள்வதற்காக அமைக்கப்பட்டவை என்றும், கனத்த வாயிற்கதவை இன்றும் இரவில் அடைத்துவிடுகிறார்கள் என்றும் வழிகாட்டி சொன்னார். மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்த எனக்கு அதை நம்புவதில் சிரமம் இருக்கவில்லை.

இதை 1637-38இல் கட்டுவித்த ஷப்துருங் நவாங் நம்கியால் திபெத்திலிருந்து வெளியேறி வந்து பூட்டானை ஒரே நாடாக இணைத்த துறவித் தலைவர். திபெத்தியப் படைகள் அவரை விடாமல் தொடர்ந்ததால், முக்கியமான பள்ளத்தாக்குகளில் கோட்டைகளை எழுப்பி, அவற்றுக்குள்ளேயே துறவியரையும் ஆட்சி அலுவலர்களையும் குடியமர்த்தினார். அந்த ஏற்பாடு இன்றும் மாறவில்லை. முதல் முற்றத்தில் மாவட்ட நிர்வாகம். உட்சே எனப்படும் நடுக்கோபுரத்தைத் தாண்டினால் துறவியர் பகுதி. தோளில் கப்னே என்னும் நீள்துண்டைப் போர்த்திக்கொண்டு ஒருவர் கோப்புடன் அலுவலகத்துக்குள் நுழைய, அதே நேரத்தில் சிறுவயதுத் துறவிகள் தேநீர்க் கெண்டிகளுடன் உள்ளே ஓடினார்கள். சுவர் ஓவியங்களைவிட இந்தக் காட்சியே எனக்கு ஜோங்கைப் புரியவைத்தது. ஷப்துருங் 1651இல் இங்கேயே தவத்தில் இருந்தபோது காலமானார்; நாடு சிதறிவிடும் என்ற அச்சத்தில் அச்செய்தியைப் பல பத்தாண்டுகள் மறைத்துவைத்தார்கள். அவர் உடல் இருக்கும் சன்னதிக்குள் எங்களைப் போன்றோருக்கு அனுமதி இல்லை.

படைகளைத் தடுத்த சுவர்களால் நெருப்பைத் தடுக்க முடியவில்லை. மரத்தளங்களும் வெண்ணெய் விளக்குகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது இது வியப்புக்குரியதும் அல்ல. புனாகா பலமுறை எரிந்தது. பாரோ ஜோங் 1907இல் எரிந்தது. திபெத்தியரை வென்றதன் நினைவாக எழுப்பப்பட்ட துருக்யேல் 1951இல் எரிந்து நெடுங்காலம் இடிபாடாகவே கிடந்தது. வாங்துயே 2012இல் எரிந்தது. புனாகாவுக்கு இவற்றோடு வெள்ளமும் சேர்ந்தது. 1994 அக்டோபரில் லுக்யே பனியேரி உடைந்து போ சூவில் பாய்ந்த நீர் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றதோடு, ஜோங்கையும் சேதப்படுத்தியது. பகைவர் எளிதில் நெருங்கமுடியாத இடம் என்பதால் பயன்பட்ட ஆற்றுமுனையே இப்போது ஆபத்தாகிவிட்டது. மேல்பகுதியின் ஏரிகளைக் கண்காணித்துச் சங்கொலி எழுப்பும் எச்சரிக்கை அமைப்பு பள்ளத்தாக்கில் நிறுவப்பட்டிருக்கிறது.

செல்ல விரும்புவோர் பிப்ரவரி அல்லது மார்ச்சில் வரும் துருப்சென் விழாவை ஒட்டிப் பயணத்தை அமைத்துக்கொள்வது நல்லது. திபெத்தியருடன் நடந்த பழைய போரை, பாசாப் எனப்படும் வீரர்களின் உடையணிந்த ஊர்மக்கள் அப்போது நடித்துக் காட்டுவார்கள்.