மறு: ராஸ்டரைஸ் பொத்தானுக்குத் தமிழ் – வெள்ளிக்குள் வேண்டும்

செ.:
பழைய மின்னூலைப் படக்கோப்பாக்கும் செயலியில் இரண்டு பொத்தான்கள் பாக்கி. ஒன்று, பிடிஎஃபுக்குள் கிடக்கும் படத்தை அப்படியே வெளியே எடுப்பது. மற்றது ராஸ்டரைஸ், அதாவது பக்கத்தையே புதிதாக வரைந்து படமாக்குவது. இரண்டுக்கும் "படமாக மாற்று" என்றே போட்டு வைத்திருக்கிறோம். 200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 200 புள்ளி) ஸ்கேன் செய்த நூலுக்கு ஒருவர் இரண்டாவதை அழுத்தி 300 கொடுத்தால், இல்லாத புள்ளிகளைச் செயலி இட்டுக்கட்டும்; எழுத்தோரம் மங்கும். வெள்ளியன்று மொழிபெயர்ப்பைப் பூட்டிவிடுவார்கள்.

மு.:
முதலாவது "பிரித்தெடு", அதில் சண்டை வேண்டாம். பிடிஎஃபிலிருந்து படங்களை எடுக்கும் பிடிஎஃப்இமேஜஸ் கட்டளை செய்வது இதைத்தான். பட்டியல் கேட்டால் ஒவ்வொரு படத்தின் உண்மையான டிபிஐயும் தெரிந்துவிடும். இரண்டாவது "படவணுவாக்கு"; படவணு என்றால் பிக்சல்.

நூ.:
அணு வடசொல். ராஸ்டருக்கு வேர் லத்தீன ராஸ்ட்ரம், மண்ணை வாரும் பல்கருவி. இசைத்தாளில் ஐந்து கோட்டையும் ஒரே இழுப்பில் போடும் பேனாவுக்கும் அதே பெயர். ஜெர்மன் வழியாகத்தான் திரைக்கு வந்தது. நம்மிடம் வாரு, வாரி இருக்கும்போது என்ன குறை? "வாரியாக்கு". வார்ப்போடு குழப்ப வேண்டாம்: வாரினான் வேறு, வார்த்தான் வேறு.

மு.:
வாரியம் என்றால் மின்சாரக் கட்டணம்தான் நினைவுக்கு வரும், ஐயா. வடசொல்லைப் பற்றிய தொல்காப்பியத்தின் வடசொற்கிளவி நூற்பாவை யாரும் இழுக்க வேண்டாம். ஞாயிறு வரை போகும்.

க.:
வகுப்பில் "புள்ளியாக்கு" என்றால் பிள்ளைகளுக்குப் புரிகிறது. ஏ4 தாளை 300 டிபிஐயில் புள்ளியாக்கினால் அகலம் 2480, உயரம் 3508. முழு வண்ணத்தில் சுருக்காமல் வைத்தால் 26 எம்பி. கணக்கும் சொல்லும் ஒட்டி வருகின்றன.

த.:
அதே பட்டியலில் டெஸ்பெக்கிளுக்குப் "புள்ளிநீக்கு" என்று ஏற்கெனவே போட்டிருக்கிறீர்கள். தாளின் அழுக்கைத் துடைக்கும் கருவி அது. கறுப்பு வெள்ளைப் பக்கத்தில் அளவை ஏற்றி வைத்தால் மெய்யெழுத்தின் புள்ளியையும் அழுக்கென்று விழுங்கும். "கண்" "கண" ஆகும். இந்தச் சொல்லைப் பார்ப்பவர் அதுதான் அதன் வேலை என்றே நினைப்பார்! "துகள்நீக்கு" ஆக்குங்கள்.

இன்னொன்று. ஸ்கேன் நூல்களுக்கான டேஜாவூ (DjVu) கோப்புக்குப் "பிரித்தெடு" பொத்தானே பொருந்தாது. எழுத்து ஓர் அடுக்கு, தாளின் நிறம் இன்னோர் அடுக்கு. பின்னது பெரும்பாலும் 100 டிபிஐதான். பிரித்தால் துண்டுகள்தான் கிடைக்கும். கோப்பின் சொந்த டிபிஐயிலேயே வரைய வேண்டும். சில கோப்புகளில் ஒத்த எழுத்துருவங்களை ஒன்றாக்கிச் சுருக்கியிருப்பார்கள். 600இல் வரைந்தாலும் போனது போனதுதான்.

மு.:
யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி குறியீட்டுக் காலத்துப் பிடிஎஃப்களையும் மறக்காதீர்கள். எழுத்துரு உள்ளே பதியாமல் இருந்தால், பக்கம் முழுக்கக் கொம்பும் தொப்பியும் வைத்த ஆங்கில எழுத்துகள் வரும். எழுத்துருக்களைப் பட்டியலிடும் பிடிஎஃப்ஃபான்ட்ஸ் கட்டளையில் பார்த்து, அந்த எழுத்துருவைக் கணினியில் நிறுவிய பிறகே வரைய வேண்டும். குறிப்புரையில் இதைச் சேர்க்காவிட்டால் எந்தச் சொல் வைத்தும் பயனில்லை.

நூ.:
குறிப்புரை இருக்கட்டும். "வாரி"க்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை, சிரிக்கத்தான் செய்தீர்கள்.

செ.:
சரி. பிரித்தெடு, புள்ளியாக்கு, துகள்நீக்கு: மூவர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. டிபிஐ பெட்டியில் கோப்பின் சொந்த அளவே முதலில் நிற்கும். கூட்டியே தீரவேண்டும் என்பவர் 200ஐ 400 ஆக்கட்டும், 300 வேண்டாம். வண்ணப் பக்கம் பிஎன்ஜி, கறுப்பு வெள்ளை குரூப் 4 முறையில் சுருக்கிய டிஃப். ஜேபெக் கடைசியில் இருக்கும். எழுத்தைச் சுற்றி அது ஈ மொய்த்தது போலக் கறை விடும். ஏற்றிவிட்டேன்.

நூ.:
என் எதிர்ப்பு பதிவாகட்டும். பக்கத்தைப் "புள்ளியாக்கு" என்றால் பக்கம் முழுவதும் ஒரே புள்ளியாகிவிடும். "புள்ளிகளாக்கு" என்றாவது திருத்துங்கள்.