சின்னப் பிள்ளைகளை சூப்பர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போகலாமா, கூடாதா?

கோவை அப்பா:
நேற்று மாதத்தின் முதல் ஞாயிறு. சம்பளம் வந்த வாரம், ஊரே கடைக்குள்தான் இருந்தது. மனைவிக்கு வேலை. 5 வயது மகள், 2 வயது மகன், 17 சாமான் எழுதிய சீட்டு, இந்த மூன்றோடும் நான் உள்ளே போனேன். வெளியே வரும்போது முதல் இரண்டும் என்னோடு இருந்தன. சீட்டை மகன் தின்றுவிட்டான். முழுதாக இல்லை, துவரம்பருப்பிலிருந்து சீரகம் வரைக்கும்.

அவனை ட்ராலி இருக்கையில் உட்கார வைப்பதற்குள் ஒரு செருப்பு புளிப் பாக்கெட்டுகளுக்குள் விழுந்துவிட்டது. இதெல்லாம் போகட்டும். காய்கறி எடை போடும் இடத்தில் கத்தரிக்காய்க்கு ஸ்டிக்கர் வந்தது. “நான் ஒட்டுறேன்” என்று மகள் வாங்கிக்கொண்டாள். நான் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பில் போடும்போதுதான் தெரிந்தது, கத்தரிக்காய்ப் பையில் ஸ்டிக்கர் இல்லை. தம்பியின் நெற்றியில் இருந்தது. 640 கிராம், 32 ரூபாய்.

பில் போட்ட பெண் உரிக்கப் பார்த்தார். அவன் போட்ட சத்தத்தில் அரிசி மூட்டைப் பக்கம் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் அவர் எழுந்து குனிந்து, கோடுகளுக்குக் கீழே இருந்த 13 எண்களையும் நெற்றியிலிருந்தே படித்துத் தட்டினார். இவன் ஒவ்வொரு எண்ணுக்கும் தலையை ஆட்டியதால் மூன்று தடவை. என் பின்னால் நின்ற பெரியவர் வேறு வரிசைக்கே போய்விட்டார்.

ஆகவே என் கட்சி இதுதான்: 5 வயது வரை பிள்ளைகளைக் கடைக்குள் விடவே கூடாது. வீட்டில் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். மறுப்பவர்கள் வாருங்கள்.

இரட்டைக்கு அம்மா:
வந்துவிட்டேன். அந்த ‘யாராவது’ யார் என்று முதலில் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அது நான்தான். கடைக்குப் போகிறவளும் நான்தான். ஒரே ஒரு நாள் கூட்டிப் போய்விட்டு சட்டம் போட வந்துவிட்டீர்களே! நான் நாலு வருடமாக வாரம் தவறாமல் இரண்டையும் இழுத்துக்கொண்டு போகிறேன். சும்மா நிற்கச் சொன்னால் எந்தப் பிள்ளையும் நிற்காது, ஒரு வேலை கொடுக்க வேண்டும். “தக்காளி 8 எடு” என்றால் ஒருவன் 8 எடுப்பான். ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்துத்தான் எடுப்பான், அது வேறு விஷயம். மற்றவன் கொத்தமல்லியையும் புதினாவையும் மோந்து பார்த்தே பிரித்துச் சொல்வான். என் வீட்டுக்காரர் இன்னும் புதினா கேட்டால் கொத்தமல்லிதான் வாங்கி வருகிறார்.

நெல்லைச்சீமை:
தம்பி, தங்கச்சி, இரண்டு பேருமே பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். கோளாறு கடையில் இருக்கிறது. எங்கள் காலத்தில் அண்ணாச்சி கடையில் சாமான் எல்லாம் அவருக்குப் பின்னால் இருக்கும். நாம் இந்தப் பக்கம் நிற்போம். சீட்டை நீட்டினால் தாளைக் கூம்பாக மடித்து, அளந்து போட்டு, மேலே தொங்கும் நூலை இழுத்து ரெண்டு சுற்று சுற்றி ‘டக்’கென்று அறுப்பார். கூட வந்த பிள்ளை கையில் ஒரு துண்டு வெல்லம். பிள்ளை வாய் திறக்காது.

சாமானை அவரவரே எடுக்கும் பழக்கம் 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் பிக்லி விக்லி என்ற கடையில் தொடங்கியது. கைக்கூடை கனத்தால் ஆட்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்களே என்று ஓக்லஹோமா சிட்டியில் சில்வன் கோல்ட்மேன் என்ற கடைக்காரர் 1937இல் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். ஆக, அந்த வண்டியே நம்மை அதிகம் வாங்க வைப்பதற்கு வந்ததுதான். அதில் பிள்ளையையும் உட்கார வைத்துவிட்டு, எதையும் எடுக்காதே என்றால் எப்படி?

மாடிவீடு:
ஐயா, வெல்லம் கதையெல்லாம் சரி. சாக்கு மூட்டைகளை அண்ணாச்சிகள் எங்கே வைத்திருந்தார்கள்? கடை வாசலில், வாயைச் சுருட்டிவிட்டு, சரியாக நாலு வயதுப் பிள்ளையின் முழங்கை உயரத்தில். என் தம்பி பச்சைப்பயறு மூட்டையில் கை விட்டு அள்ளி உளுந்து மூட்டையில் போட்டான். அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை, கலந்த அத்தனையையும் எடை போட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டார். ஒரு மாதம் எங்கள் வீட்டு இட்லி பச்சையாக இருந்தது.

நெல்லைச்சீமை:
பச்சைப்பயறு உடம்புக்கு நல்லது.

பில் கவுன்ட்டர்:
6 வருடமாக பில் போடுகிறேன். எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன். சாக்லேட் தட்டு பில் மேசைக்குப் பக்கத்தில், இடுப்புக்குக் கீழே இருப்பது தற்செயல் இல்லை. வரிசையில் நிற்கும் நேரத்தில் பிள்ளை கண்ணில் படட்டும் என்றுதான். அந்த இடத்துக்குக் கம்பெனிகள் காசு கொடுப்பதும் உண்டு. அதனால் நெல்லைச்சீமை ஐயா சொல்வதில் பாதி சரி.

ஆனால் எங்களுக்குத் தலைவலி பிள்ளைகள் இல்லை. பிள்ளை பிஸ்கட்டைப் பாதி தின்றுவிட்டால் வெறும் கவரைக் கொடுத்தாலும் பில் ஏறும், கோடு கவரில்தானே இருக்கிறது? எச்சிலைத் துடைத்துவிட்டு ஸ்கேன் பண்ணிக்கொள்வோம். சில பெற்றோர் அந்தக் கவரை எண்ணெய் டின்களுக்குப் பின்னால் செருகிவிட்டுப் போவார்கள். ஸ்டாக் எடுக்கும்போதுதான் கிடைக்கும். ஒருமுறை உளுந்துக்கும் கடலைப்பருப்புக்கும் நடுவே கோன் ஐஸ்கிரீம் கிடைத்தது. கோன் மட்டும்.

இன்னொன்று இருக்கிறது. பிள்ளை கேட்டதையெல்லாம் ட்ராலியில் போட விடுவார்கள். பில் போடும்போது பிள்ளைக்குத் தெரியாமல் எனக்குக் கண்ணைக் காட்டுவார்கள், எடுத்து வைத்துவிடு என்று. நான் எடுத்து மேசைக்கு அடியில் வைப்பேன். அப்பா நல்லவர், அம்மா நல்லவர். வாசல் தாண்டும் வரை பிள்ளை என்னைத்தான் முறைத்துக்கொண்டு போகும்.

கோவை அப்பா:
நேற்று கண்ணைக் காட்டியவர்களில் நானும் ஒருவன். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆனாலும் என் கட்சியை விட மாட்டேன். கேட்ட உடனே இல்லை என்று சொன்னால் தரையில் படுத்துக்கொள்கிறார்கள். நேற்று மகள் படுத்தாள். அவளைத் தாண்டிக்கொண்டு ஒரு அம்மா நெய் எடுத்தார்.

லண்டன் தமிழன்:
இங்கிலாந்தில் 2022 ஒக்டோபர் முதல் பெரிய கடைகளில் சீனி, கொழுப்பு, உப்புக் கூடின சாப்பாட்டுச் சாமான்களைக் காசு கட்டும் இடத்திலும் வாசலிலும் வைக்க ஏலாது, சட்டம். நல்ல சட்டம்தான். என்ர மகள் இப்ப இனிப்புக் கேட்கிறதில்லை. பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமான் ஒட்டின சிறுவர் சஞ்சிகை கேட்கிறாள். ஒரு சொக்லேட்டைவிட அது நாலு மடங்கு விலை. போன கிழமை பற்றரி கேட்டு அழுதவள். எதுக்கு என்று அவளுக்கே தெரியாது.

பத்து நிமிஷம்:
எதற்கு இவ்வளவு அவஸ்தை? போனில் ஆர்டர் போட்டால் வாசலுக்கு வந்துவிடும். சண்டையே இல்லை.

இரட்டைக்கு அம்மா:
உங்களுக்குப் பிள்ளை இல்லை என்று நினைக்கிறேன். போன் யார் கையில் இருக்கும்? நான் குளித்துவிட்டு வருவதற்குள் சின்னவன் ‘பிளஸ்’ குறியை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறான். சமையல் சோடா, 14 பாக்கெட். ஒரு பாக்கெட்டே எனக்கு வருடம் முழுக்க வரும். கடையிலாவது ட்ராலியில் விழுவது கண்ணுக்குத் தெரியும்.

கோவை அப்பாவுக்கு ஒரு யோசனை. காய்க்கு உழவர் சந்தைக்குப் போங்கள், உங்கள் ஊரில் ஆர்.எஸ்.புரத்திலேயே இருக்கிறது. விடிகாலையில் போனால் கூட்டம் குறைவு. விலையைப் பலகையில் எழுதியிருப்பார்கள், தராசில் நிறுத்துப் பையில் கொட்டுவார்கள், ஸ்டிக்கர் கிடையாது. பிள்ளை உற்றுப் பார்த்தால் ஒரு கேரட்டை நீட்டுவார்கள். மளிகைக்கு ஒரு வாரம் ஒன்று, மறுவாரம் மற்றது என்று கூட்டிப் போங்கள். இரண்டையும் சேர்த்துக் கூட்டிப் போனது உங்கள் தப்பு.

மாடிவீடு:
இரட்டையை வைத்துக்கொண்டு நீங்கள் இந்த யோசனையைச் சொல்கிறீர்களா?

இரட்டைக்கு அம்மா:
எனக்கு வேறு வழி இல்லை. அவருக்கு இருக்கிறது.

கோவை அப்பா:
ஒப்புக்கொள்கிறேன், சந்தைக்கு மட்டும். ஐந்து மணிக்கு இதுகள் எழுந்திருக்குமா என்று கேட்காதீர்கள், விடுமுறை நாளில் நாலரைக்கே எழுந்துவிடும்.

ஸ்டிக்கர் என்ன ஆனது என்று கேட்டவர்களுக்கு: இராத்திரி அவன் தூங்கிய பிறகு மெதுவாக உரித்துவிட்டேன். பசை போகவில்லை, கட்டில் ஓரத்தில் ஒட்டி வைத்தேன். இன்று காலை ஊரிலிருந்து என் மாமனார் வந்தார். பேத்தியை மடியில் வைத்துக் கொஞ்சினார். இப்போது அவர் மாலை நடைக்குப் போயிருக்கிறார். கட்டிலில் ஸ்டிக்கரைக் காணோம். மகளைக் கேட்டால், “தாத்தா தலையில நல்லா ஒட்டுது, முடியே இல்ல” என்கிறாள்.