முதல் நல்ல மிதிவண்டி: எதைப் பார்த்து வாங்குவது, சிங்கப்பூர் வெக்கையிலும் மழையிலும் எப்படிப் பேணுவது?

ஈசூன்வாசி:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. சிறுவயதில் அப்பாவின் மிதிவண்டியில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவன், அதற்குப் பிறகு ஏறக்குறைய 25 ஆண்டுகள் மிதிவண்டியைத் தொடவே இல்லை. இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று மருத்துவர் எச்சரித்த பிறகு, சென்ற ஆண்டு இணையத்தில் 180 வெள்ளிக்கு ஒரு மிதிவண்டி வாங்கினேன். பதினொரு மாதங்களில் அதன் செயின் துருவேறிவிட்டது, பின்சக்கரம் இடமும் வலமும் ஆடத் தொடங்கிவிட்டது, மிதிக்கும்போது அடியிலிருந்து ஓயாமல் ஒரு கிறீச்சொலி வருகிறது. பழுதுபார்க்கக் கொண்டுபோன கடையில், செலவு வண்டியின் விலையை எட்டிவிடும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வண்டி கெட்டாலும் மிதிவண்டி ஓட்டும் ஆசை கெடவில்லை. வாரத்தில் மூன்று நாள் ஈசூனிலிருந்து ஆங் மோ கியோவிலுள்ள வேலையிடத்துக்குப் பூங்கா இணைப்புப் பாதை வழியாகச் செல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை காலையில் கொஞ்சம் நீண்ட தூரம் போக விரும்புகிறேன். இம்முறை 1,200 வெள்ளி வரை ஒதுக்கியிருக்கிறேன். என் முன் இரண்டு வாய்ப்புகள் உள்ளன. ஒன்று, உடன் பணியாற்றும் ஒருவரின் உறவினர் விற்கும், ஆறு ஆண்டுகள் பழைய கார்பன் சட்டகம் கொண்ட பந்தய வகை மிதிவண்டி. விலை 1,100 வெள்ளி. மற்றது, நேரான கைப்பிடியும், சக்கரத்தின் நடுவிலுள்ள தட்டைப் பிடித்து நிறுத்தும் டிஸ்க் பிரேக்கும், பின்னால் எட்டு கியரும் கொண்ட புதிய அலுமினிய மிதிவண்டி. விலை 750 வெள்ளி. என் உயரம் 168 செ.மீ., எடை 76 கிலோ. எதை வாங்கலாம், வாங்கியதை எப்படிப் பேணலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பிடோக் பழைய கைகள்:

தம்பி, நான் பல ஆண்டுகள் மிதிவண்டி பழுதுபார்த்தவன். புதிய வண்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன், பழைய வண்டி ஏன் கெட்டது என்பதைப் பிரித்துப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் நீங்கள் சொன்ன மூன்று குறைகளுக்கும் காரணம் ஒன்றில்லை. செயின் துருவேறியது பராமரிப்புக் குறை. 5,000 வெள்ளி வண்டியின் செயினும் எஃகால் ஆனதுதான், மழையில் நனைந்தபடி விட்டால் அதுவும் துருவேறும். பின்சக்கரம் ஆடியது தயாரிப்புக் குறை. மலிவான சக்கரங்களில் கம்பிகள் ஒரே சீரான இழுவிசையில் முறுக்கப்படுவதில்லை, ஓட ஓடத் தளர்ந்தவை மேலும் தளர்ந்து, எல்லாச் சுமையும் மீதிக் கம்பிகள் மேல் விழுகிறது. கிறீச்சொலி பெரும்பாலும் பெடல் தண்டு சுழலும் அச்சிலிருந்து வந்திருக்கும். அதற்குள் தண்ணீர் இறங்கி, கிரீஸ் போய், பேரிங் மணிகள் வெறும் இரும்பில் உருண்டிருக்கும்.

ஆகவே விலை கூடிய வண்டியில் நீங்கள் பணம் கொடுத்து வாங்குவது முதன்மையாகச் சக்கரம், அச்சு, பிரேக் ஆகிய மூன்றின் தரத்தைத்தான். கியர் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். ஈசூனிலிருந்து ஆங் மோ கியோவுக்கு எட்டு கியர் தாராளம். ஞாயிற்றுக்கிழமை மண்டாய்ப் பக்கம் ஏறினாலும் போதும். எட்டு கியருக்கான செயினும் பல்சக்கரமும் பன்னிரண்டு கியருக்கானவற்றைவிட மிகவும் மலிவு. கடையில் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, பெடல் அச்சு சட்டகத்தில் மரையிட்டுத் திருகப்பட்டதா, அழுத்திச் செருகப்பட்டதா என்பது. மரையிட்டதைக் கழற்றி மாற்றுவது எளிது. அழுத்திச் செருகியது ஒலி எழுப்பத் தொடங்கினால் அதன் மூலத்தைக் கண்டுபிடிப்பதற்குள் பொறுமை தீர்ந்துவிடும். எந்த அக்கம்பக்கக் கடையிலும் உதிரிப்பாகம் கிடைக்கும் வண்டியே நமக்கு ஏற்றது. மிதிவண்டிப் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனம் 1973 முதல் சிங்கப்பூரில் இயங்கி வருகிறது. அதன் சாதாரண வகைப் பாகங்கள் இங்கே எளிதில் கிடைக்கும்.

உங்கள் உயரத்தைச் சொன்னீர்கள், கால் நீளத்தைச் சொல்லவில்லை. 168 செ.மீ. உயரமுள்ள இருவருக்கு ஒரே அளவு பொருந்தும் என்று சொல்ல முடியாது. சட்டகத்தின் மேல்குழாய்க்கு இருபுறமும் கால்களை ஊன்றி நின்று பாருங்கள், பிறகு குறைந்தது பதினைந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். கைப்பிடியை எட்டிப் பிடிக்கத் தோள்கள் காதை நோக்கி உயர்ந்தால் அந்தச் சட்டகம் உங்களுக்கு நீளம். அளவு பொருந்தாத வண்டியை என்ன விலை கொடுத்து வாங்கினாலும் மூன்றாவது மாதம் அது வீட்டில் துணி காயப்போடத்தான் பயன்படும். கார்பன் வண்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் உள்விரிசலைக் கண்ணால் கண்டுபிடிப்பது எனக்கே கடினம்.

தெம்பனிஸ் விடியல்:

மேலே எழுதிய ஐயாவின் அறிவுரையில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஆனால் பழைய கார்பன் வண்டி என்றாலே ஒதுக்கிவிட வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் அப்படி ஒன்றை வாங்கி நான்கு ஆண்டுகளாகச் சாங்கிக் கரையோரச் சாலையில் ஓட்டி வருகிறேன். வாங்குவதற்கு முன் ஒரு நாணயத்தால் சட்டகம் முழுவதும் மெல்லத் தட்டிப் பார்த்தேன். நல்ல கார்பன் கணீரென்று ஒலிக்கும், உள்ளே அடுக்குகள் விலகியிருந்தால் ஓசை மங்கும். குழாய்கள் இணையும் இடங்கள், இருக்கைத் தண்டை இறுக்கும் வளையம், பின்சக்கரம் மாட்டும் கொக்கிகள் ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் பார்த்தேன். இந்தத் தட்டல் சோதனை முழு உறுதி தராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் விற்பவர் வண்டியுடன் விழுந்ததுண்டா என்று நேரடியாகக் கேட்டு, மழுப்பினால் திரும்பிவிட வேண்டும்.

ஆனாலும் ஈசூன்வாசியின் பயணத்துக்கு அந்த வண்டி பொருந்தாது. காரணம் கார்பன் அல்ல, டயர். ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய பந்தய வகைச் சட்டகம் பலவற்றில் 28 மி.மீ. டயருக்கு மேல் இடமிருக்காது. வேலைக்குப் போகிறவருக்கு 35 அல்லது 38 மி.மீ. டயரும், மழைநீர் முதுகில் தெறிக்காமல் தடுக்க மட்கார்டும், பையை மாட்டப் பின்தாங்கியும் வேண்டும். பந்தயச் சட்டகத்தில் இவற்றுக்கான திருகுத் துளைகளே பெரும்பாலும் இருக்காது. வேலைக்குப் போகும் சட்டையுடன் முதுகுப் பையைச் சுமந்து வியர்வையில் குளிப்பதைவிட, பையை வண்டி சுமக்கட்டும்.

வியர்வை என்றதும் யாரும் அதிகம் பேசாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த ஊரில் மழையைவிட நம் வியர்வைதான் வண்டியை மறைவாக அரிக்கிறது. அது உப்புநீர்; கைப்பிடியின் நடுத்திருகு, கழுத்து அச்சு ஆகியவற்றின் மேல்தான் சொட்டுகிறது. சென்ற ஆண்டு என் கைப்பிடியின் பழைய நாடாவைப் பிரித்தபோது, அலுமினியக் குழாய் வெண்பொடி பூத்து, ஓரிடத்தில் விரல் நுனி அளவுக்குக் குழிந்திருந்தது. கீழ்நோக்கி விரையும்போது அந்தக் கைப்பிடி உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணி அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் நாடாவை மாற்றுகிறேன், வீடு திரும்பியதும் ஈரத்துணியால் கைப்பிடிப் பகுதியைத் துடைத்துவிடுகிறேன். கடலோரம் ஓட்டுகிறவர்களுக்கு இது இருமடங்கு பொருந்தும்.

செங்காங் மடக்குவண்டி:

ஒதுக்கிய 1,200 வெள்ளியையும் வண்டிக்கே செலவிட்டுவிட வேண்டாம். தலைக்கவசம், முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, நல்ல பூட்டு, அளவுமானியுள்ள பம்பு ஆகியவற்றுக்கே 200 வெள்ளிக்கு மேல் ஆகிவிடும். சாலையில் ஓட்டுவோர் தலைக்கவசம் அணிவது 2019 முதல் கட்டாயம். நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டரும், மிதிவண்டிப் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25 கிலோமீட்டரும் வேக வரம்பு. 2021 செப்டம்பரிலிருந்து கைப்பிரேக் இயங்காத மிதிவண்டியைப் பொதுப் பாதையில் ஓட்டுவது குற்றம். பழைய வண்டிகளில் இடது, வலது பிரேக் மாற்றிப் பொருத்தப்பட்டிருக்கலாம், ஆகவே எது முன்சக்கரத்துக்கு உரியது என்பதைப் புறப்படும் முன்பே பிடித்துப் பாருங்கள்.

வண்டியை எங்கே நிறுத்துவீர்கள்? அடுக்குமாடி வீட்டின் பொதுத் தாழ்வாரத்தில் வைப்பதானால் ஆள் நடமாட 1.2 மீட்டர் அகலம் விட்டாக வேண்டும். இல்லாவிட்டால் நகர மன்றம் எச்சரிக்கை ஒட்டிவிடும். புளோக்கின் கீழே பூட்டி வைத்தால் சாரல் அடிக்கும். இந்தத் தொல்லையால்தான் நான் மடக்கு மிதிவண்டிக்கு மாறினேன். மடக்கிய நிலையில் 120 செ.மீ., 70 செ.மீ., 40 செ.மீ. அளவுக்குள் இருந்தால் ரயிலிலும் பேருந்திலும் ஏற்றிக்கொள்ளலாம், பாதி வழியில் மழை பிடித்தாலும் கவலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீண்ட தூரத்துக்கு அது அவ்வளவு சுகமாக இருக்காது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஈசூன்வாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கார்பன் வண்டியை விட்டுவிட்டேன். வண்டியை வீட்டுக்குள், வரவேற்பறைச் சுவரோரம் வைத்துக்கொள்ள மனைவி சம்மதித்துவிட்டார்; தரையில் எண்ணெய்க் கறை படக்கூடாது என்பது மட்டும் அவருடைய நிபந்தனை. இரண்டு சந்தேகங்கள் மீதம் உள்ளன. அரை மணி நேரம் மிதித்தாலே முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறதே, இது வயதாலா, வண்டியாலா? மேலும், வேலையும் குடும்பமும் உள்ளவன் பராமரிப்புக்கு வாரத்தில் எவ்வளவு நேரம் ஒதுக்கினால் போதும்?

பிடோக் பழைய கைகள்:

முழங்காலின் முன்பக்க வலிக்குப் பெரும்பாலும் இருக்கை தாழ்ந்திருப்பதே காரணம். இருக்கையில் அமர்ந்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன்மேல் குதிகாலை வையுங்கள். அந்த நிலையில் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் இயல்பாகவே சற்று மடங்கியிருக்கும். நிற்கும்போது இரு பாதங்களும் தரையில் படிய வேண்டும் என்று நினைத்துப் புதியவர்கள் இருக்கையைத் தாழ்த்திவிடுகிறார்கள், அங்கேதான் முழங்கால் பழுதாகிறது. நிற்கும்போது இருக்கையை விட்டு முன்னால் இறங்கி நில்லுங்கள். சரிசெய்தும் வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, வாரத்துக்கு இருபது நிமிடம் போதும். மழையில் நனைந்த நாளில் கூடுதலாக ஐந்து நிமிடம், அன்றே. அன்றே என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நனைந்த செயின் இந்த ஈரக்காற்றில் மறுநாள் காலைக்குள் செந்நிறம் காட்டத் தொடங்கிவிடும். பழைய துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுழற்றுங்கள், கறுப்பு வருவது குறையும் வரை துடையுங்கள். பிறகு மிதிவண்டிச் செயினுக்கென்றே விற்கும் எண்ணெயை ஒவ்வோர் உருளையிலும் ஒரு துளி விட்டு, பத்து நிமிடம் ஊறவிட்டு, வெளிப்புறத்தை மறுபடி உலரத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்ய வேண்டிய இடம் உருளைக்குள்ளே. வெளியே மினுமினுக்கும் எண்ணெய் மணலைப் பிடித்துவைத்து, அந்த மணலே பல்லைத் தேய்க்கும். உங்கள் வீட்டுத் தரைக் கறையும் இந்தத் துடைப்பில் தீர்ந்துவிடும். சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளடைவில் பிசினாக இறுகிவிடும். தெளிப்பு எண்ணெய் எதையும் டிஸ்க் பிரேக்கின் அருகே கொண்டுபோகாதீர்கள். தட்டில் சிறிது பட்டாலும் பிரேக் கட்டைகள் உறிஞ்சிக்கொண்டு பிரேக் பிடிக்காமல் போகும்.

வாரம் ஒருமுறை காற்றழுத்தம் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் உச்ச வரம்புதான், அந்த அளவுக்கு அடிக்க வேண்டியதில்லை. உங்கள் எடைக்கு, 38 மி.மீ. டயரில் 50 பிஎஸ்ஐ அளவில் தொடங்கி, பின்சக்கரத்துக்குச் சற்றுக் கூட்டி, முன்சக்கரத்துக்குச் சற்றுக் குறைத்துப் பழகுங்கள்.

செயின் தேய்வை அளக்க அங்குலக் குறியுள்ள இரும்பு அளவுகோல் ஒன்று போதும். செயின் கண்ணிகளை இணைக்கும் ஓர் ஆணியின் நடுவில் சுழியத்தை வையுங்கள். புதிய செயினில் 12ஆம் அங்குலக் கோட்டில் மற்றோர் ஆணியின் நடு சரியாக வந்து நிற்கும். அது ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால் செயினை மாற்றிவிடுங்கள். அதற்கு மேல் இழுத்தால் பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்து, செலவு இரட்டிப்பாகும்.

கடைசியாக ஒன்று. அலுமினியச் சட்டகத்தில் இருக்கைத் தண்டு கிரீஸ் இல்லாமல் செருகப்பட்டிருந்தால், வியர்வையும் மழைநீரும் உள்ளே இறங்கி, சில ஆண்டுகளில் இரண்டு உலோகமும் ஒட்டிப்போகும். அப்படி ஒட்டிய தண்டுகளை வெளியே எடுக்கச் சட்டகத்தையே அறுத்தெறிந்த நாள்களை நான் பார்த்திருக்கிறேன். புதிய வண்டியை எடுக்கும் அன்றே தண்டை உருவிப் பாருங்கள்.

ஈசூன்வாசி:

நேற்று வண்டியை எடுத்துவிட்டேன். முதலில் போன கடையில் என் அளவு கையிருப்பில் இல்லாததால் ஓர் அளவு பெரியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பதினைந்து நிமிடம் ஓட்டியதும் தோள்கள் ஐயா சொன்னபடியே உயர்ந்தன, ஆகவே இன்னொரு கடையில் பத்து நாள் காத்திருந்து சரியான அளவை வாங்கினேன். இருக்கைத் தண்டை உருவிக் காட்டச் சொன்னபோது கடைப் பையன் வியப்புடன் பார்த்தான், ஆனால் உள்ளே உண்மையிலேயே கிரீஸ் இல்லை, அவனே தடவிக் கொடுத்தான். இருக்கையை மூன்று விரற்கடை உயர்த்திய பிறகு இன்று காலை ஆங் மோ கியோ வரை முழங்கால் வலி இல்லாமல் போய் வந்தேன். பழைய வண்டியின் செயினையும் அளவுகோல் வைத்துப் பார்த்தேன்; ஆணி எட்டில் ஒரு பங்கு அங்குலத்துக்கும் மேல் தள்ளி நின்றது.