125 சிசியா, 350 சிசியா?

கேள்வி:
தினமும் நகருக்குள் 20 கிமீ ஓட்டம். மாசத்துல ஓரிரு தடவை நெடுஞ்சாலையில் 200 கிமீ. 125 சிசி பைக் போதுமா, 350-க்குப் போகலாமா?

பதில் 1:
சிசியை மட்டும் பார்க்காதீங்க. டார்க் (இன்ஜினோட சுழற்று விசை) எந்த ஆர்பிஎம்மில் (நிமிஷத்துக்கு இன்ஜின் சுத்துற எண்ணிக்கை) கிடைக்குதுங்கிறதுதான் முக்கியம். 125-ல் சுமார் 11 நியூட்டன் மீட்டர், அதுவும் 6000 பக்கம் போனாத்தான். வேகம் ஒன்றரை மடங்கானா, காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி மூணு மடங்குக்கு மேல ஏறும். அதனாலதான் 80-ல் போகும்போது லாரியை முந்த த்ராட்டிலில் மிச்சம் அதிகம் இருக்காது.

பதில் 2:
நெடுஞ்சாலைக்கு அது சரி. ஆனா இவர் ஓட்டம் பெரும்பாலும் நகரம். 350 பெரும்பாலும் 180 கிலோவைத் தாண்டும். நெரிசலில் கிளட்ச் பிடிச்சே கை கடுக்கும், இன்ஜின் சூடு காலில் அடிக்கும். ரெண்டு மூணு கிமீ மட்டும் ஓட்டி நிறுத்தினா ஆயில் முழுசா சூடாகாது. ஈரம் தங்கி, ஆயில் ஊத்துற ஃபில்லர் மூடியில் வெள்ளையா படியும்.

கேள்வி கேட்டவர்:
நெடுஞ்சாலையில் பின்னால ஆள் உண்டு.

பதில் 1:
அப்போ 160 முதல் 200 சிசி வரை பாருங்க. டெஸ்ட் ரைடுக்கு அவரையும் உட்கார வெச்சு, டாப் கியரில் 60-லிருந்து 80-க்கு ஏத்துங்க. கியர் குறைக்காமலே திணறாம ஏறினா அந்த இன்ஜின் போதும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்காம தடுக்குற அமைப்பு) இருக்கான்னும் பாருங்க.