ஆக்சிலரேட்டரை விட்டதும் வெட்டி வெட்டி வேகம் குறையுது: கியர்பாக்ஸா, இன்ஜினா?

வைகைக்கரை:
2012 மாடல் ஜெர்மன் கூபே. 2.0 டர்போ பெட்ரோல், ஆறு கியர் டிஎஸ்ஜி (ரெண்டு கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்), 71,000 கி.மீ. நத்தம் மேம்பாலத்தில் 80-ல் போய்க் காலை எடுத்தா முதல்ல நல்லாத்தான் வேகம் குறையுது. அப்புறம் பின்னாலிருந்து சட்டையைப் பிடிச்சு இழுத்து விட்ட மாதிரி ஒரு வெட்டு. சிக்னல்ல நிக்கப் போறப்ப, 15-க்குக் கீழே, இன்னொரு இடி. காலையில எடுத்ததும் இந்த இடி இல்லை. கோரிப்பாளையம் நெரிசல்ல அரை மணி ஊர்ந்த பிறகுதான் வருது. ஸ்கேனர்ல பழுதுக் கோடு எதுவும் இல்லை. ஒர்க்‌ஷாப்ல மெக்கட்ரானிக் (கியர்பாக்ஸை இயக்குற கம்ப்யூட்டர்-வால்வ் யூனிட்) போச்சு, மாத்தணும்கிறாங்க. டிஎஸ்ஜி ஆயில் மாத்தின பில் பழைய பேப்பர்ல இல்லை. காசைக் கொட்டுறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்?

மேலூர்_கியர்:
மெக்கட்ரானிக் பேச்சை ஓரமா வைங்க. நீங்க சொல்றது ரெண்டு வெட்டு. ஒவ்வொண்ணும் எதோட ஒட்டிக்கிட்டு வருதுன்னு பிரிக்கணும்: ஆர்பிஎம்மா, ரோட்டு வேகமா, கியர் மாறுற நேரமா.

விடியக்காலை ரிங் ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத நேர் ரோடாப் பார்த்து, பக்கத்துல ஒருத்தரை உட்கார வச்சு எழுதச் சொல்லுங்க. மேனுவல் மோடில் 4-ம் கியர், 2,500 ஆர்பிஎம், காலை எடுங்க. பிரேக்கைத் தொடாதீங்க. இதையே 3-லும் 2-லும் செய்யுங்க. ஆர்பிஎம் ரொம்ப இறங்கினா கியர்பெட்டி தானாவே கியரைக் குறைக்கும். அதையும் வெட்டுன்னு எழுதிராதீங்க. மூணு கியர்லயும் ஒரே ஆர்பிஎம்ல வெட்டினா இன்ஜின் பக்கம்தான். காலை எடுத்ததும் இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) பெட்ரோலை நிறுத்திரும், சுமார் 1,200–1,500-ல் திரும்ப விடும். அந்த இடத்துல காத்துக் கணக்கு தப்பினா வண்டி உதறும்.

அடுத்து 60-ல் நியூட்ரல் போட்டு மெதுவா பிரேக் பிடிங்க. அப்பவும் வெட்டினா டிஸ்க், இல்லைன்னா ஏபிஎஸ் வீல் சென்சார்.

யானைமலை_டர்போ:
அண்ணன் சொன்னது சரி. ரிங் ரோட்டுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டு வாசல்லயே ரெண்டு வேலை இருக்கு.

ஒண்ணு, பானெட்டைத் திறந்து, பிரேக்கை அழுத்தி மிதிச்சுக்கிட்டு டி, ஆர், டி-ன்னு மாத்துங்க. பார்க்கிறவர் பக்கவாட்டில் நிக்கணும், வண்டிக்கு முன்னால வேண்டாம். இன்ஜின் எகிறி உட்கார்ந்தா இன்ஜின் ஆடாமக் கீழே பிடிச்சிருக்கிற பெண்டுலம் மவுண்ட்டோட ரப்பர் கிழிஞ்சிருக்கும். சின்ன வெட்டையும் இடியாக் காட்டுறது அதுதான்.

ரெண்டு, ஐடிலில் ஆயில் ஊத்துற மூடியைத் தூக்கிப் பாருங்க. உறிஞ்சிப் பிடிச்சுக்கிட்டு வர மறுத்தாலோ விசில் சத்தம் கேட்டாலோ பிசிவி (இன்ஜினுக்குள்ள சேர்ற புகையைக் காத்துக் குழாய்க்கு அனுப்புற வால்வ்) சவ்வு கிழிஞ்சிருக்கு. ஸ்கேனர்ல லாங் டேர்ம் ஃபியூயல் ட்ரிம் (இசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்குதுங்கிற கணக்கு) எவ்வளவுன்னும் பாருங்க. பத்து சதவீதத்தைத் தாண்டி இருந்தா, கோடு விழலைன்னாலும் எங்கேயோ கள்ளக் காத்து ஏறுது.

வைகைக்கரை:
மூணு கியர்லயும் 1,400 பக்கம் வெட்டு. நியூட்ரலில் வெண்ணெயா நிக்குது. மவுண்ட் ஆடலை. ஆயில் மூடி ரெண்டு கையால இழுத்தாத்தான் வருது. ட்ரிம் ஐடிலில் +14. இடி மட்டும் 2-லிருந்து 1-க்கு இறங்குறப்ப, சூடானா மட்டும்.

யானைமலை_டர்போ:
அப்ப முதல் வெட்டுக்குக் காரணம் பிசிவிதான். காலை எடுத்ததும் இன்டேக்ல (இன்ஜினுக்குக் காத்துப் போற பாதையில) வேக்குவம் உச்சத்துக்குப் போகுது. கிழிஞ்ச சவ்வு வழியா கணக்குல வராத காத்து உள்ளே வருது. பெட்ரோல் திரும்ப வர்ற நொடியில கலவை நீர்த்துப் போய் உதறுது. வால்வ் கவர் மேல உட்கார்ந்திருக்கிற முழு யூனிட்டையே மாத்துங்க, சவ்வு மட்டும் கிடைக்கும்னு அலையாதீங்க. தள்ளிப் போட்டா அந்த வேக்குவம் பின்பக்க கிராங்க் ஆயில் சீலையும் கெடுக்கும், அதுக்குக் கியர்பெட்டியையே இறக்கணும்.

அதோட த்ராட்டில் பாடியை (காத்தைத் திறந்து மூடுற தட்டு இருக்கிற பாகம்) கழட்டி, கிளீனரைத் துணியில நனைச்சுத் துடைங்க. தட்டை விரலால் நெம்பக் கூடாது. மாட்டின பிறகு இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப் நிலையில ஸ்கேனர்ல அடாப்டேஷன் கொடுக்கணும், அதாவது தட்டோட நிலையை இசியுவுக்குப் புதுசாப் பழக்கணும்.

மேலூர்_கியர்:
ரெண்டாவது இடி ஆயில் விஷயம்னு தோணுது. உங்க ஆறு கியர் டிஎஸ்ஜி, அதாவது டிகியூ250 பெட்டிக்கு 60,000 கி.மீ.-ல் ஆயிலும் ஃபில்டரும் மாத்தணும். பில் இல்லைன்னா மாத்தலைன்னே வச்சுக்கங்க. ஆனா பிசிவி வேலையும் இதுவும் ஒரே நாள்ல வேண்டாம், எது எதைச் சரி பண்ணுச்சுன்னு தெரியாமப் போகும்.

14 மிமீ ஹெக்ஸ் போட்டு டிரெய்ன் பிளக்கைக் கழட்டினா கொஞ்சம்தான் வடியும். உள்ளே 8 மிமீ ஹெக்ஸில், ஆயில் அளவை நிர்ணயிக்கிற ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கு, அதையும் கழட்டினாத்தான் மிச்சம் வரும். பல பேர் கோட்டை விடுறது இங்கதான். குழாயைத் திரும்ப 3 என்எம் (நியூட்டன் மீட்டர்) முறுக்குல மாட்டி, கீழிருந்தே சுமார் 5.5 லிட்டர் ஏத்துங்க. இன்ஜினை ஓட விட்டு எல்லா நிலைக்கும் லீவரை நகர்த்தி, பெட்டி ஆயில் 35–45 டிகிரியில் இருக்கிறப்ப பிளக்கைத் திறந்து, ஒழுகல் சொட்டாக் குறைஞ்சதும் புது வாஷரோட 45 என்எம்-ல் மூடுங்க.

நம்ம ஊர் சித்திரை வெயில்ல மதியம் பண்ணினா ஆயில் அளக்கிறதுக்குள்ள 45-ஐத் தாண்டிரும். சூட்டுல விரிஞ்ச ஆயில் கூடுதலா வழிஞ்சு, ஆறினதும் அளவு குறைஞ்சு நிக்கும். அப்புறம் இடி கூடும். ராத்திரி நிறுத்தின வண்டியைக் காலை ஆறு மணிக்கு மேடை ஏத்துங்க. முடிச்சதும் ஸ்கேனர்ல கிளட்ச் பேசிக் செட்டிங் (கிளட்ச் பிடிக்கிற இடத்தைப் பெட்டிக்குப் புதுசாப் பழக்குறது) கொடுக்காம வண்டியை வெளியே எடுக்காதீங்க.

பழைய ஃபில்டரைத் தூக்கிப் போட்றாதீங்க, வெட்டிப் பாருங்க. சாம்பல் நிற மை மாதிரி இருந்தா வழக்கமான தேய்மானம். நகத்துல தட்டுப்படுற துகள் இருந்தா, பெட்டியை இறக்குற பேச்சை அப்ப எடுங்க.